அம்மாவின் கால் படம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஆரோக்கியமேரி வேலை பார்த்த கம்பெனியில் பெண்களுக்கும் ஆண்கள் அளவு ஷூதான். முனையில் பழைய துணியைத் திணித்துக்கொண்டு போவாள். ஒருநாள் ஷூ கழன்று, தள்ளிக்கொண்டு போன டிராலி வெறுங்காலில் ஏறிவிட்டது. கட்டைவிரலில் நகம் திரும்ப முளைக்கவில்லை. பக்கத்து விரல் வளைந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. அதன்பிறகு மாதா கோயிலுக்குப் போனாலும் பாதம் தெரியாமல்தான் புடவை கட்டுவாள்.

மகள் ஏஞ்சலின் காலணித் தொழில் படித்தவள். கூடப் படித்த ஸ்நேகாவைச் சேர்த்துக்கொண்டு, பெண்களின் பாதத்துக்கேற்ற பாதுகாப்பு ஷூ செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தாள். வாடகைக்கு ஓர் அறை, இரண்டு தையல் மெஷின், அவ்வளவுதான்.

புதுத் தொழில் தொடங்கியவர்கள் முதலீடு தேடிப் பேசும் ஸ்டார்ட்அப் கூட்டம் எங்கே நடந்தாலும் இருவரும் போனார்கள். மேடையில் பேச ஐந்து நிமிடம் தருவார்கள். பேசி முடித்தால் விசிட்டிங் கார்டும் டீயும் மிஞ்சும். ஆலோசகர் ஒருவர், உங்கள் சொந்தக் கதையிலிருந்து தொடங்குங்கள் என்றார். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அம்மா பகலில் அசந்து தூங்கும்போது, ஏஞ்சலின் அந்தக் காலைப் படம் எடுத்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. படம் திரையில் விழுந்ததும் அரங்கமே அமைதியானது. பிறகு எல்லா மேடையிலும் அதுதான் முதல் படம்.

சென்னையில் பெரிய கூட்டம் ஒன்று வந்தபோது ஸ்நேகாவுக்குக் காய்ச்சல். ஷூ பெட்டிகளைத் தூக்கிவர அம்மா லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்ல ஏஞ்சலினுக்கு வாய் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையில் அம்மா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையேறிய ஏஞ்சலின் அந்தப் படத்தைக் காட்டாமல் தாண்டிவிட்டாள். தாண்டியதில் பேச்சும் தடம் மாறியது. பாதியில் மணியடித்து இறக்கிவிட்டார்கள்.

டீ குடிக்கும் இடத்தில், முன்பொரு கூட்டத்தில் பார்த்த ஒருவர் சிரித்தபடி வந்தார். “அந்தக் கால் போட்டோ, இவங்களுடையதுதானா?” என்று கேட்டவரின் பார்வை கீழே இறங்கியது. அம்மா பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

திரும்பும் ரயில் பொன்னேரியைத் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

“நான் தூங்கிக்கினு இருக்கசொல்ல எடுத்தியா?”

“ஆமாம்மா.”

“எத்தினி பேருக்குக் காட்டுன?”

“நெறைய பேருக்கு. தப்புதாம்மா.”

அம்மா வெளியே பார்த்தபடி இருந்தாள். “கேட்டிருந்தா இன்னா, நானே காட்டியிருப்பேன். என் காலுதானே. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலியே.”

ஏஞ்சலின் போனிலும் லேப்டாப்பிலும் இருந்த படத்தை அங்கேயே அழித்தாள். அம்மா அதைப் பார்த்தாள். ஆனாலும் கோபம் ஒரேயடியாக இறங்கவில்லை. சோறு போடுவாள், பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

சில வாரம் கழித்து, திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பரிசுப் போட்டியோடு கூட்டம் என்று ஸ்நேகா சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நானும் வரேன். படம் கிடம் வேணாம்.”

அங்கே மேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்மா மகள் செய்த ஷூவை மாட்டினாள். முதலில் நல்ல கால், பிறகு அந்தக் கால். அவசரமே படவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டி எழுந்து, மேடையை ஒரு சுற்று நடந்தாள். “எனக்கு அடிபட்டப்ப இது இல்ல. இது கழலாது,” என்று மட்டும் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். மீதியை ஏஞ்சலின் பேசினாள். இந்த முறை தடுமாறவில்லை.

பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி தேடிவந்து, தங்கள் பெண் தொழிலாளர்கள் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கட்டும் என்று கேட்டார்.

போட்டுப் பார்த்தவர்களுக்கு அளவு பிடித்திருந்தது. ஆனால் உள்ளே வேர்க்கிறது என்று குறைபட்டுக்கொண்டார்கள். அவர்களைவிட அதிகமாகக் குறை சொன்னவள் அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து, குதிகால் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும், உள்துணியை மாற்று என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பழையபடி பேசுவதே போதுமென்று ஏஞ்சலின் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஸ்நேகா சிரித்துக்கொண்டே புது உள்துணி வெட்டக் கத்தரியை எடுத்தாள்.