ஏலமலையில் இருபது பெயர்

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு ராசிங்காபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் கிளம்பினோம். நானும் என் மனைவி பேச்சியம்மாளும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாத்தியார் வேலை. நான் பெட்டி தூக்கப் போனேன்.

ஆறரைக்குப் போடி. தோட்டத்து ஆட்களை ஏற்றும் ஜீப்பு நின்றது. ஆளுக்கு ஒன்றேகால் ரூபாய். டிரைவர் அவளைக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "மாப்ளே, வாத்தியாரம்மா முன்னால இருக்கட்டும். நீங்க லோடோட லோடாப் பின்னால ஏறிக்கிருங்க" என்றார். பின்னால் பதினோரு பேர், இரண்டு உப்பு மூட்டை, ஒரு கோழி.

அடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஏற்றம். மெட்டு வரை பதினாறு மைல், பதினேழு வளைவு. ஒன்பதாவது வளைவில் எனக்குக் குமட்டியது. பக்கத்திலிருந்த கிழவி கொஞ்சம் புளி கொடுத்தாள். கீழே எங்கள் பக்கத்து வயல்கள் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தன.

பேச்சியம்மாள் பத்து வயதில் இந்த மலையை நடந்தே இறங்கியவள். ஏலக்காய் எடுக்கப் போன அப்பன் குளிர்காய்ச்சலில் செத்துப்போனான். ஆத்தாளும் மகளும் அட்டை கடித்த காலோடு போடிக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எட்டாவது பாஸ் பண்ணினாள். எனக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு மதுரையில் இரண்டு வருஷம் வாத்தியார் டிரெயினிங். ஊரில் சிரித்தார்கள். நான் மூன்றாவதோடு நின்றவன். படிக்கிறவளை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஒன்பதேகாலுக்கு மெட்டு. டீ ஓரணா. அதற்கு அந்தப் பக்கம் இப்போது கேரளம். குளிர் ஒன்றுதான்.

அங்கிருந்து ஆறு மைலில் தோட்டம். பத்தரைக்குக் கணக்கப்பிள்ளை எங்களைத் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அதுதான் பள்ளிக்கூடம். முன்பு வந்த இரண்டு வாத்தியார்களும் வெறும் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்களாம். முதலாளிக்கு அலுத்துவிட்டது.

"டீச்சரே, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இருபது பிள்ளைக பேரு புஸ்தகத்துல ஏறணும். இல்லேன்னா நாளைக்குக் காலை ஜீப்புல எறங்கிக்கோங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

அவள் மணி அடித்தாள். ஒரு மணி வரை மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒன்று மழைக்கு ஒதுங்கினது. காயெடுப்புக் காலம். பெரிய பிள்ளைகள் ஆத்தாளோடு ஏலச்செடியடியில் காய் எடுத்தன, இல்லையென்றால் கைப்பிள்ளையைச் சுமந்தன. நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. எப்படியும் இறங்கப்போகிறோம் என்று நினைத்தேன். ஊர்ச் சிரிப்பு காதில் கேட்டது.

மூன்றரைக்கு அவள் எழுந்தாள்.

"கரும்பலகையத் தூக்குங்க."

"எங்கிட்டு?"

"எடை போடுற எடத்துக்கு. நாலு மணிக்கு அம்புட்டுப் பேரும் கூடையோட வந்து வரிசையில நிக்கணும். முடிய ஒரு மணி நேரமாகும். பிள்ளைக சும்மாதான் நிக்கும். நான் மொதல்ல எழுத்துப் படிச்சது அந்த வரிசையில தான்."

எடைச் சீட்டில் ஆத்தாள் பெயரைப் பார்த்துப் பார்த்துப் படித்தாளாம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை.

ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்துக்கு வெளியே தராசு தொங்கியது. பலகையைச் சுவரில் சாய்த்தேன். பேச்சியம்மாள் வரிசையில் முதலில் நின்றவளின் பெயரைக் கேட்டாள். சடச்சி என்றாள். பலகையில் எழுதி, அவள் மகளைக் கூப்பிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசிக்க வைத்தாள்.

சடச்சி முறைத்தாள். "எம்பேர எழுதி வச்சு எங்கிட்ட என்னத்தப் புடுங்கப் போற?"

வரிசை சிரித்தது. கங்காணி, பிள்ளைகள் தராசை மறிக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். பேச்சியம்மாள் அடுத்த பெயரைக் கேட்டாள். பிறகு அடுத்தது. எட்டாவது பெயருக்குப் பிள்ளைகள் தாங்களாகவே பலகையைச் சுற்றிவிட்டன. சடச்சி திரும்பி வந்து, தன் பெயரை அழித்தது யார் என்று சண்டைக்கு நின்றாள்.

ஜீப்பில் புளி கொடுத்த கிழவியும் பேத்தியோடு வரிசையில் இருந்தாள். ரொம்ப நேரம் பேச்சியம்மாளின் முகத்தையே பார்த்தாள்.

"நீ காய்ச்சல்ல போன மொக்கச்சாமி மகளா?"

"ஆமாத்தா."

கிழவி பேத்தியை முன்னால் தள்ளினாள். "இவ பேர எழுதிக்க. ஆனா காலைல அனுப்ப மாட்டோம். இந்நேரம்னா இருக்கட்டும்."

பேச்சியம்மாள் கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, முதலாளி நேரத்தைக் கேட்கவில்லை, ஆளைத்தான் கேட்டார் என்றார்.

ஐந்தேகாலுக்குப் புத்தகத்தில் இருபத்திரண்டு பெயர். கணக்கப்பிள்ளை இரண்டு தரம் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் போய்ப் பெட்டியைத் திறந்து அவள் சேலைகளைக் கொடியில் போட்டேன். நான் ஊர் திரும்பிய பிறகு துணைக்குப் படுக்கக் கிழவி தன் பாயைக் கொண்டுவந்தாள்.

மறுநாள் ஜீப்பில் நான் மட்டும் இறங்கினேன். இறங்கும்போது குமட்டவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு மணி அடிக்கிறார்கள். வந்தால் வா, வராவிட்டால் போ. நானும் அப்படித்தான் மூன்றாவதோடு போனேன். பிள்ளைகள் நிற்கிற இடத்துக்குப் பலகையைத் தூக்கிப் போனவள் இவள்தான்.

வீட்டு வாசலில் எங்கம்மா, "பொட்டச்சிய ஒத்தையில மலையில விட்டுட்டா வந்த?" என்றாள்.

"ஒத்தையில இல்ல. இருவத்திரெண்டு பேரு இருக்காக" என்றேன்.

கஞ்சி கேட்டேன். இரண்டு கும்பா குடித்தேன்.