இஃதிகாஃபில் நான், கடலில் என் மகன்

என் மகன் உயிரோடு இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சந்தோஷமாக மட்டும் சொல்லக்கூடிய அனுபவம் இல்லை இது. தீனுடைய சகோதர சகோதரிகள் யாருக்காவது உதவும் என்று மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் மிளகும் காபித்தூளும் விற்கிறேன். ஒரே மகன் ரியாஸ். இன்ஜினியரிங் படித்துவிட்டு மலேசியாவுக்குப் போனவன், படகு பழுதுபார்க்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு ஹாஷிம் என்ற நாகப்பட்டினம் பக்கத்து நண்பருடன் சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டான். இரண்டு வருடங்கள். போர்னியோ தீவின் ஆறுகளுக்குள் போவார்கள், கரையோரமாக அடுத்த ஊருக்குப் போவார்கள். சமையல், தூக்கம், தொழுகை எல்லாம் அந்தப் படகில்தான். துணி காயும் கயிறு, அதற்குப் பின்னால் காடு என்று படம் அனுப்புவான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. மிளகு போட வரும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஒருநாள் எல்லோர் முன்னிலும் கேட்டார்: "ஏனுங்க பாய், உங்களுக்கு மலை மேல கடை, மகனுக்குக் கடல் மேல ஊடு. நடுவுல சேலத்துல ஒரு எடம் கெடைக்கலீங்களா?" நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. மண்ணில் வீடு இல்லாத பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

போன ரமலானில் ஒரு நிய்யத் வைத்தேன். கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலை விட்டு வெளியே வராமல் இஃதிகாஃப் இருந்து ஒன்றே ஒன்று கேட்பது. "யா அல்லாஹ், அந்தப் படகை அவனிடமிருந்து எடுத்துவிடு." இந்த வார்த்தைகளில்தான் கேட்டேன்.

படகில் வாழ்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புறப்படும் முன் கரையில் ஒருவரிடம் விவரம் கொடுப்பார்கள். எந்த வழி, எப்போது சேருவோம், சேராவிட்டால் எந்த மீட்பு எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று. ரியாஸுக்கு அந்த ஒருவர் நான்தான். அம்மா பயப்படுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. படகில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் பழைய கருவி ஒன்று இருந்தது. அதுவும் என் எண்ணுக்கு மட்டுமே அனுப்பும்.

வியாழக்கிழமை காலை கடையில் கூட்டம். ரியாஸ் கூப்பிட்டான். ஓர் ஆற்று முகத்திலிருந்து புறப்படுவதாகவும் சனிக்கிழமை சாயங்காலம் சேர்ந்துவிடுவதாகவும் சொன்னான். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் வரலேன்னா அந்த நம்பருக்குச் சொல்லீருங்கத்தா" என்றான். சரி சரி என்று வைத்தேன். அன்று மாலை போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குள் போனேன். வணக்கத்தில் உலகப் பேச்சு வேண்டாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகையில் போனின் ஞாபகம் வந்தது. மாலை அஸரில் மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை குர்ஆன் ஓதும்போதெல்லாம் அதே நினைப்பு. ஷைத்தான் என் வணக்கத்தைக் கெடுக்கிறான் என்று நினைத்தேன். அவூது ஓதி விரட்டினேன். விரட்டிவிட்டேன் என்று சந்தோஷமும் பட்டேன்.

திங்கட்கிழமை நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. என் மனைவி மும்தாஜ் சாப்பாட்டுத் தூக்கோடு பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றாள். "சனிக்கெழம பேசறேன்னு சொன்னானுங்க. இன்னும் பேசலீங்க" என்றாள்.

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். இஃதிகாஃப் முறிந்துவிடுமே என்றும் சொன்னேன். என் வாயிலிருந்து அதுவும் வந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்திரிங்க பாய். உசுரு தண்ணியில கெடக்குது. இஃதிகாஃப அப்பறம் இருந்து களாவா ஈடு செஞ்சுக்கலாம். செருப்பைத் தேடாதீங்க, போங்க."

வீட்டில் போனைத் திறந்தேன். சனிக்கிழமை காலை வந்த செய்தி: பாய்மரம் முறிந்துவிட்டது, இன்ஜின் ஓடவில்லை, ஹாஷிமுக்குத் தலையில் அடி, அந்த எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். படகு இருக்கும் இடமும் அதில் இருந்தது. ஞாயிறு காலை வந்தது: தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஹாஷிம் முனகுகிறார். ஞாயிறு மாலை வந்தது: "அத்தா, பாத்தீங்களா?" அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மீட்பு எண்ணில் பேசினேன். படகின் நிறம், நீளம், கடைசியாக இருந்த இடம் எல்லாம் சொன்னேன். அந்த அதிகாரி நிதானமாகக் கேட்டார், எப்போது வந்த செய்தி என்று. இடம் முந்தாநாள் வந்தது, கடைசிச் செய்தி நேற்று என்றேன். நீரோட்டம் எவ்வளவு தூரம் இழுத்திருக்குமோ தெரியாது என்றார்.

மும்தாஜ் அழவில்லை. "அல்லாகிட்டக் கேக்கப் போனவரு, போன எதுக்குங்க அமத்தி வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முஸல்லா விரிப்பில் விழுந்தேன். என் பழைய துஆ நினைவுக்கு வந்தது. நான் கேட்டபடியே படகு போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயந்தேன். "யா அல்லாஹ், நான் தெரியாமல் கேட்டுவிட்டேன். படகு அவனுக்கே இருக்கட்டும். உயிரை மட்டும் கொடு."

செவ்வாய்க்கிழமை பிற்பகல் போன் வந்தது. சதுப்புக் காட்டோரம் சேற்றில் சாய்ந்து கிடந்த படகை, மீட்பு நிலையத்தின் அறிவிப்பைக் கேட்ட மீன்பிடிப் படகு ஒன்று கண்டுபிடித்திருந்தது. ரியாஸ் உயிரோடு இருந்தான். உதடெல்லாம் வெடித்திருந்ததாம். போனை அவனிடம் கொடுத்தார்கள், பேச்சு திக்கித் திக்கி வந்தது.

ஹாஷிம் இல்லை. "நேத்து விடியக்காலம் வரைக்கும் இருந்தாருங்கத்தா" என்றான் ரியாஸ். கடைசித் தண்ணீரை ஹாஷிம் குடிக்க மறுத்து இவனுக்குக் கொடுத்தாராம்.

ஞாயிறு மதியம் நான் பேசியிருந்தால்? எனக்குத் தெரியாது. தகுதீர், அல்லாஹ்வின் விதி என்று ஹஜ்ரத் ஆறுதல் சொல்கிறார். அது என் தவறை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. நான் விரட்டியது ஷைத்தானை அல்ல, எனக்கு வந்த பதிலை என்றுதான் இன்று நம்புகிறேன்.

ரியாஸ் இப்போது வீட்டில் இருக்கிறான். படகைச் சரிசெய்து மறுபடி அதிலேயே இருக்கப் போவதாகச் சொல்கிறான். நான் மறுக்கவில்லை. என் பிள்ளைக்கு எது நல்லது என்று இனி அல்லாஹ்வுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

நாகப்பட்டினம் பக்கம் ஹாஷிமின் தாயைப் பார்க்கப் போனேன். போனை அணைத்து வைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், "ஒங்க புள்ள இப்ப சாப்பிடுறானா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

துஆ கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். பதில் வரும்போது எழுந்து போகத் தயாராக இருங்கள். இதைப் படித்துவிட்டு யாராவது கையேந்தினால், என் மகனுக்கு முன்னால் ஹாஷிமுக்காகவும் அந்தத் தாய்க்காகவும் கேளுங்கள்.