கை நனைத்த அப்பா

யார் "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாலும் என் அப்பா ஏகநாதன் "சாப்பிடுறேன்" என்பார். நினைவு தெரிந்த நாள் முதல் பார்க்கிறேன். "இப்பதான் சாப்ட்டு வந்தேன்" என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்திலும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பட்டம் வாங்கியபின் இது எனக்கு வெட்கமாக இருந்தது.

போன தை மாதம் எனக்குப் பெண் பார்க்க செம்பாக்கத்திலிருந்து அஸ்தினாபுரம் போனோம். பெண் வினிதா, நர்ஸ். பேசி முடிக்கும்வரை பெண் வீட்டில் சோற்றில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். நனைத்தால் சம்மதம் என்று பொருள். காபி குடித்து எழுந்தோம். வினிதாவின் அம்மா செல்லியம்மாள் ஒப்புக்கு, "ஒரு வாய் சாப்ட்டுப் போலாமே அண்ணா" என்றார்.

"போடும்மா" என்று அப்பா உட்கார்ந்துவிட்டார்.

என் அம்மா அவர் தோளைக் கிள்ளினாள். "யோவ், இன்னா பண்ற? புள்ளைங்க ரெண்டும் இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கல."

"கேட்டாங்க, சொன்னேன்."

இலையில் சோறு விழுந்தது. தண்ணீர் கொண்டுவந்த வினிதா நின்றாள். "அங்கிள், உங்களுக்குப் பசியா, சம்மதமா?"

அப்பாவின் கை இலைக்கு மேலேயே நின்றது.

"பசிதாம்மா. இவன் பொறக்கறதுக்கு முன்ன சரக்குக் கப்பல்ல இருந்தேன். பசிபிக் கடல்ல, தாகித்திக்குப் பக்கத்துல ராயாத்தேயானு ஒரு தீவு. அங்க இஞ்சின் பூடுச்சு."

உதிரிபாகம் வர மூன்று மாதம். கப்பலில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்கு எதிர்வீட்டில் தெயூரா என்றொரு அம்மா. சாப்பிட உட்கார்ந்தால், தெருவில் போகிறவர்களை "ஹாயெரே மாய், தாமாஆ" என்று கூப்பிடுவாராம். வா, சாப்பிடு என்று அர்த்தம். அப்பா நம்மூர் மரியாதைக்கு வயிற்றைத் தட்டி, நிறைந்துவிட்டது என்று காட்டினார். அதைத் தாகித்தி மொழியில் எப்படிச் சொல்வது என்று அந்த அம்மாவே கற்றுக்கொடுத்தார்: உவா பாஇயா வௌ.

"நம்மூர்ல மூணு தபா கேப்பாங்க. அது ஒரு தபா கேட்டுச்சு, நம்பிடுச்சு. தெனமும் பொய் சொல்லிகினு பட்டினி கெடந்தேன். ஒரு நாள் நான் தேங்கா ஓட்ட சொரண்டித் துன்னத பாத்துட்டு அழுதுச்சும்மா. ஞாயித்துக்கிழம மண்ணுல குழி தோண்டி, சுட்ட கல்லு மேல பலாக்கா மாதிரி ஒண்ணு, மீனு, எல்லாம் வேக வெப்பாங்க. வான்னுச்சு. வரேன்னேன். அன்னிக்கு விடியறப்பவே இஞ்சின் சரியாயி, கேப்டன் கப்பல எடுத்துட்டான். குழிப் பொகை கடல்லருந்தே தெரிஞ்சுது."

இந்தக் கதையை எனக்கு அவர் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

"அப்ப சாப்பிடுங்க அங்கிள். இது பசிக்கு" என்றாள் வினிதா. பிறகு இன்னோர் இலையை விரித்து என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

இப்பதான் சாப்ட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"ரெண்டுக்கும்" என்றேன். சிரித்தபடி சோறு போட்டாள்.

ஆவணியில் கல்யாணம். ஒரு பத்திரிகையைத் தெயூராவுக்கு அனுப்பலாம் என்றாள் வினிதா. அப்பா வேண்டாம் என்றார்.

"அது கூப்ட்டுச்சு, நான் வரேன்னேன். பத்திரிகை அனுப்பினா சரியாப்பூடுமா? நான்தான் போயி துன்னணும்."

அவருக்கு இப்போது பாஸ்போர்ட்கூட இல்லை.