ஜெசிந்தா பார்த்துச் சொன்ன சாலை

எட்வர்ட் கும்மிடிப்பூண்டியில் ஒரு மெட்ரிக் பள்ளியின் வேன் டிரைவர். சம்பளம் குறைவுதான். ஆனால் அவர் வேன் ஓட்டும்வரை மகள் ஜெசிந்தாவுக்கு ஃபீஸ் கிடையாது. அதற்காகவே சிப்காட் தொழிற்பேட்டையில் கூடுதல் கூலி கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவரும் மனைவி ஷைனியும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் ஜெசிந்தா.

2007இல், அவள் நான்காம் வகுப்புக்குப் போன புதிதில், மாதர்பாக்கத்தில் ஓர் இலவசக் கண் முகாம் நடந்தது. கண்ணாடி கிடைக்கும் என்றுதான் எட்வர்ட் போனார். டாக்டர் இரண்டு முறை பார்த்தார்.

"கண்ல நீரழுத்தம். இடது கண்ணு போயிடுச்சு. வலது கண்ல நேரா இருக்கறது தெரியும், ஓரம் தெரியாது. என்ன வேலை பண்றீங்க?"

"பெயிண்ட் அடிக்கிறேன் சார்," என்று பொய் சொன்னார்.

சொட்டு மருந்தோடு வீட்டுக்கு வந்து ஷைனியிடம் மட்டும் சொன்னார். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஜெசி பத்தாவது முடிக்க இன்னும் ஏழு வருசம் கீது. தாங்குமா?"

"தெரியலியே."

"ஜெசிய முன்னாடி உக்கார வெச்சிக்கோ. அவ பாத்துச் சொல்லட்டும்."

திங்கட்கிழமையிலிருந்து ஜெசிந்தா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வருவார்கள். அவள் திரும்ப மாட்டாள். "நைனா, லெப்ட்டுல சைக்கிள்." "நைனா, மாடு வருது." பள்ளியில் டாடி என்றுதான் கூப்பிட வேண்டும், பயத்தில் நைனாதான் வரும். சிப்காட் திருப்பத்தில் லாரிகள் குறுக்கே வரும்போது அவள் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். வயது ஒன்பது.

ஏழு மாதம் இப்படி ஓடியது.

பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம். முந்தைய நாளிலிருந்தே ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல். ஓர் ஊரில் வேன் நின்றதும் யுகேஜி பையன் ஒருவன் இறங்கினான். அவன் தண்ணீர் பாட்டில் உருண்டு வேனுக்கு முன்னால் இடது ஓரத்துக்குப் போக, எடுக்கக் குனிந்தான். எட்வர்ட் பார்த்தார்; சாலை காலியாகத் தெரிந்தது. கியர் போட்டார்.

எதிரே நின்ற அவன் அம்மா அலறினாள். பிரேக்கை மிதித்தபோது பம்பர் பையனைத் தட்டித் தள்ளியிருந்தது. முட்டி மட்டும் சிராய்த்திருந்தது. அவள் எட்வர்ட்டை இழுத்து இறக்கிக் கன்னத்தில் அறைந்தாள். அவர் தலைகுனிந்து நின்றார்.

ஜெசிந்தா ஓடிவந்து அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நைனாவ அடிக்காதீங்க ஆன்ட்டி. நாந்தான் தூங்கிட்டேன். நாந்தான் பாக்கல."

அதற்குமேல் எட்வர்ட் வண்டியைத் தொடவில்லை. பெட்டிக்கடை போனில் பள்ளியைக் கூப்பிட்டு வேறு டிரைவரை வரவழைத்தார். மறுநாள் காலை பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் ஆதிநாராயணன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஆதிநாராயணனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"நாப்பது புள்ளைங்கய்யா! போலீசுக்குப் போவாம உடறேன், அதுவே பெரிசு. உன் பொண்ணு பரீட்சை எழுதட்டும். ஜூன்லேர்ந்து முழு ஃபீஸ்."

"வேற எந்த வேலைன்னாலும் செய்றேன் சார். பெருக்கறேன், கக்கூஸ் கழுவறேன்."

"உன்ன இனிமே இந்த கேட்டுக்குள்ள வெச்சிக்க முடியாது. போ."

ஜூனில் ஜெசிந்தா ஊரிலிருந்த பஞ்சாயத்துப் பள்ளிக்கு நடந்து போனாள். எட்வர்ட்டுக்குப் பழைய இரும்பு பிரிக்கும் இடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. மகள் இப்போது சரியாகத் தூங்குகிறாள், சோறும் சாப்பிடுகிறாள் என்பதை அவர் கவனித்தார். அதைச் சொன்னால் ஷைனிக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு மட்டும் அது கண்ண மூடாம இருந்திருந்தா..."

"ஷைனி!" என்று கத்தினார் எட்வர்ட்.

ஷைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் ஜெசிந்தாவுக்குக் கேட்டுவிட்டது. நான்கு நாள் அவள் அம்மாவிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். மன்னித்துவிடு என்று அவள்தான் அம்மாவிடம் கேட்டாள்.