படலையில் கட்டிய வேப்பங்குழை

யேசு பிறந்த நத்தார் காலையில் என் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை போடுவதற்கு முன், அவர்களை யன்னலடிக்குக் கூட்டிப்போய் முதுகையும் வயிற்றையும் காதின் பின்புறத்தையும் பார்ப்பேன். நுளம்புக் கடியைக் கண்டாலும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் விடுவேன். "உமக்கு விசர்" என்று கணவர் சிரிப்பார். இருக்கலாம். அந்த விசர் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் தெருவொன்றில் குடியிருந்தோம். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் தம்பியைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று வாளியை வைத்துவிட்டு அவன் நெஞ்சையே பார்த்தார். மூன்று நீர்க்கொப்புளங்கள். கொப்புளிப்பான்.

நாங்கள் கத்தோலிக்கர். ஆனாலும் ஊர் வழக்கப்படி அதை அம்மாள் வருத்தம் என்றுதான் சொல்வோம். அம்மாள் வந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, இறைச்சி ஆகாது, வாசலில் வேப்பங்குழை கட்ட வேண்டும். குழையைக் கண்டால் அயலவர் எவரும் உள்ளே வரமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படித்த அம்மாவுக்கு எண்ணெய்ச் சட்டிக்கும் கொப்புளத்துக்கும் தொடர்பில்லை என்று தெரியும். ஆனால் தெரிந்தபடி நடக்கத் துணிவு வரவில்லை. வாசல் படலையில் வேப்பங்குழை கட்டினார். நத்தாருக்கென்று கால் கட்டிப் போட்டிருந்த சேவலை அவிழ்த்துவிட்டார். பலகாரத்துக்குப் பிசைந்த மாவும் அதற்கே கிடைத்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் நத்தாரை மனதாரக் கொண்டாடியது அந்தச் சேவல் ஒன்றுதான்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. மறுநாள் மத்தியானம்தான் வருவார். எங்களை விட்டுவிட்டு அம்மாவால் பூசைக்குப் போக முடியவில்லை. நத்தார் பூசை தவறுவது பாவமா, வருத்தக்காரப் பிள்ளையை விட்டுப் போவது பாவமா என்று விடியும் வரை யோசித்திருப்பார். விடிந்ததும் அதைவிடப் பெரிய யோசனை வந்துவிட்டது. சின்னம்மா.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கப்பல்துறைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் பூசைக்கு வந்து, முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். அவர் வயிற்றில் அப்போது பிள்ளை. முதல் இரண்டும் தங்கவில்லை என்பது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்ததில் எனக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. இந்த வருத்தம் ஒட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து; வரவேண்டாம் என்று சொல்லியனுப்ப ஆளில்லை.

"குழை கிடக்குதுதானே. கண்டா வெளியிலயே நிண்டிடுவாள்" என்று அம்மா தனக்குத்தானே சொன்னார். சொல்லிவிட்டுப் படலைக்குப் போய்க் குழை இருக்கிறதா என்று பார்த்தார். திரும்பி வந்தார். முடிச்சு இறுக்கமா என்று மறுபடியும் போய்ப் பார்த்தார். பிறகு தம்பி கொப்புளத்தைச் சொறிந்து அழத் தொடங்க, அவனோடு அறைக்குள் இருந்துவிட்டார்.

நான் வாசலில் குந்தியிருந்தேன். முன்வீட்டு அக்கா எங்களுக்கு வாழ்த்துச் சொல்லத் தெருவைக் கடந்து வந்தவர், குழையைக் கண்டதும் அப்படியே திரும்பிப் போனார். சின்னம்மா எனக்குச் சரிகை வைத்த சட்டை தைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அவரும் இப்படித் திரும்பினால் சட்டையும் கூடவே போய்விடும். குழைதான் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறது என்பது எனக்கு விளங்கியது. எதற்காக என்பது விளங்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, குழையை வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சின்னம்மா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னடி வாயாடி, வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கு? கேக்கெல்லாம் நீயே திண்டு முடிச்சிட்டியோ?"

குரல் கேட்டதும் தம்பி அறைக்குள்ளிருந்து ஓடிவந்து அவர் சேலையைக் கட்டிப்பிடித்தான். சின்னம்மா குனிந்து அவன் கன்னத்தில் கொஞ்சினார். அம்மா பின்னாலேயே ஓடிவந்தார்.

"விடு, விடு அவனை! அம்மாள் போட்டிருக்கு!"

சின்னம்மா கையை எடுத்துப் பின்னுக்குப் போனார்.

"படலையில ஒண்டும் கட்டேல்லையே அக்கா?"

அம்மா படலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சேவலைப் பார்த்தேன்.

"கட்ட மறந்து போனன்" என்றார் அம்மா.

"மறந்து போனீங்களோ?" சின்னம்மாவின் குரல் மெலிந்துவிட்டது. "எனக்குச் சின்னனில இது வந்ததோ அக்கா?"

"எனக்குத்தான் வந்தது. உன்னை மாமி வீட்டை அனுப்பிப்போட்டினம்."

சின்னம்மா கையிலிருந்த பொதியைப் படியில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி பஸ்ஸுக்குப் போனார். அம்மா அவர் பின்னால் படலை வரை போனார், அதற்கு அப்பால் போகவில்லை.

எனக்கு அடி விழவில்லை. ஒரு கேள்விகூட வரவில்லை. குழை கட்டியதையே அம்மா மறந்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். பாலயேசு தன் பிறந்தநாளில் எனக்காகச் செய்த உதவி அது என்று, குடிலின் முன் முழந்தாளிட்டு நன்றியும் சொன்னேன். புதுச் சட்டையோடுதான்.

அதற்குப் பிறகு அம்மா நாள்தோறும் விடியப் பூசைக்குப் போனார். கப்பல்துறைக்கு எழுதிய தபாலட்டைகளுக்குப் பதில் வரவில்லை. மாசியில் அப்பா செய்தி கொண்டுவந்தார். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். அம்மா குசினியில் அடுப்படி நிலத்தில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார். ஆண்பிள்ளை இல்லையே என்று அழுகிறாராக்கும் என நினைத்தேன்.

சின்னம்மா எங்கள் வீட்டுப் படி ஏற மூன்று வருடம் சென்றது. வந்த பிறகும், நாலுபேர் கூடியிருக்கும் இடத்தில், "எங்கட அக்காவை நம்பேலாது. தங்கச்சி செத்தாலும் மறந்துபோவா" என்று பகிடி போலச் சொல்வார். அம்மாவும் சிரிப்பார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது, அம்மா யாருக்காக மறந்தார் என்று அப்போது விளங்காத நான்தான்.