ரோட்டுக்கு ஒரு மேடு கேட்டோம்

குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, போட்டிக்கு வரவும் ஆள் கிடையாது. குப்பை லாரி வராவிட்டாலும் என் வீட்டு மணிதான் அடிக்கும், பக்கத்து வீட்டு நாய் இரவெல்லாம் குரைத்தாலும் என் வீட்டு மணிதான். உங்களில் யாராவது ஒரு குடியிருப்புத் தாமானில் இந்தப் பதவியில் மாட்டிக்கொண்டு முழித்திருந்தால், நான் சொல்ல வருவதில் பாதி இப்போதே புரிந்திருக்கும்.

எங்கள் தாமான் ஈப்போவுக்கு வெளியே, ஜெலாப்பாங் பக்கம். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலம். தோட்டத்து லாரிகள் போன நேர் ரோடுதான் இன்றைக்கு எங்கள் பெரிய ரோடு. ஒரு பக்கம் வரிசையாக வீடுகள், மறுபக்கம் பெரிய கால்வாய். தொழிற்பேட்டைக்கு இது குறுக்கு வழி என்று எவனோ கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் பேச்சில் காடி என்கிற கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறக்கின்றன. பள்ளி பஸ், முனை வீட்டுக்கு எதிரே கால்வாய்க் கரையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து ரோட்டைக் கடக்கும்போதுதான் பிலோமினாவின் மகள் ஜெனி காடி மோதி இறந்துபோனாள். ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து சில நாளில் பிலோமினா என்னிடம் வந்தார். அந்த முனையில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு போட வேண்டும், வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும், மற்றப் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இறங்குகிறார்கள் என்றார். அழவில்லை. நான்தான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன்.

முகப்பிடத்தில்

மாநகர் மன்றத்துக்கு இருவருமாகப் போனோம். முகப்பிடத்தில் இருந்த மலாய்ப் பெண் நல்ல பொறுமைசாலி. ரோட்டோரம் இருப்பவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட வேண்டும், மேடு எந்த வாசலுக்கு முன்னால் வருகிறதோ அந்த வீட்டுக்காரர் கட்டாயம் சம்மதிக்க வேண்டும் என்று விளக்கினார். நியாயமான விதிதான். நாளைக்கு என் வாசலில் என்னைக் கேட்காமல் போட்டால் நானும் சண்டைக்குத்தான் போவேன்.

பிறகு கணினியைப் பார்த்தபடி, அங்கே விபத்து ஏதாவது நடந்திருக்கிறதா, காயமா மரணமா, மரணம் என்றால் விண்ணப்பம் கொஞ்சம் சீக்கிரம் நகரும் என்றார். பிலோமினா குரல் நடுங்காமல், ‘சிக்’ என்று மரியாதையாக விளித்து மலாயில் சொன்னார்: “மரணம்தான் சிக். என் மக. அதுனால முன்னுக்குப் போவும்னா எழுதிக்குங்க.”

வாட்சாப்பில்

ஜெனி இறந்த அன்று எங்கள் தாமான் வாட்சாப் குழுவில் கும்பிட்ட கைகளும் அழுகிற முகங்களுமாக வந்து குவிந்தன. மேடு வேண்டும், சம்மதிக்கிறவர்கள் சொல்லுங்கள் என்று நான் போட்டபோது குழு அப்படியே அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் டுரியான் விலை போட்டார். இன்னொருவர் ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் சொன்னார், அப்போது மணி மதியம் மூன்று.

ஒருவேளை இணையம் சரியில்லையோ என்று எங்கள் பொருளாளர் கமலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் பாத்துட்டாங்கண்ணே, நீலக் கோடு வந்துருச்சு. பதிலுதான் வரல.”

முனை வீடு

குழுவை நம்பிப் பயனில்லை என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். முதலில் முனை வீட்டுக் குமார். அன்றைக்கு ஓடிவந்து ஜெனியைத் தூக்கித் தன் காடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் அவன்தான். நல்ல பையன். அவனைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அந்தக் காடியைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருக்கிறான். சக்கரம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். நான் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டான், ஜெனி பெயரைச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான், ரோட்டில் மேடு வேண்டும் என்று கையெழுத்தும் போட்டான். அப்புறம் வாசலைக் காட்டிச் சொன்னான்: “கண்டிப்பா வேணும்லா அண்ணே. கொஞ்சம் தள்ளிப் போட்டாங்கன்னா என் காடி வயிறு தப்பிக்கும்.”

தள்ளி என்றால் எவ்வளவு தள்ளி

இரண்டாவது வீடு ஹாஜா பாயுடையது. துக்க வீட்டுக்குத் தன் உணவுக்கடையிலிருந்து மூன்று நாள் சாப்பாடு அனுப்பியவர். அவர் மனைவி பக்கவாதம் வந்து முன்னறையிலேயே கிடக்கிறார். ஒவ்வொரு லாரியும் மேட்டில் ஏறி தடாலென்று இறங்கினால் அந்த அம்மாவுக்குக் கண் மூட முடியாது. பாய் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார், வாசலை மட்டும் தரவில்லை. அவரை நான் எந்த வாயால் வற்புறுத்துவது?

மூன்றாவது வீட்டு லியோங் அங்கிள் வேனில் முட்டை கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவரும் ஜெனிக்காக வருத்தப்பட்டார், அவரும் கையெழுத்துப் போட்டார். மேடு எங்கே என்று கேட்டதும் அடுத்த வீட்டைக் கைகாட்டினார். அது பிலோமினா வீடு. “இங்க போட்டா முட்டையெல்லாம் ஒடையும்லா தம்பி. அந்த அம்மாவுக்கு நல்ல மனசு, அங்க கேட்டுப் பாரு.”

கூட்டம்

கடைசியில் பாலாய் ராயா பொது மண்டபத்தில் கூட்டம் போட்டோம். ஹாஜா பாய் தே தாரேக் டீ அனுப்பினார், கமலா கறிபாப் பலகாரம் கொண்டுவந்தார். மேடு தேவை என்று பேசாதவர் இல்லை. ஒருவர் அரசாங்கத்தைத் திட்டினார், ஒருவர் இந்தக் காலத்துப் பையன்களைத் திட்டினார். சரி, முனையிலேயே போடலாமா என்று நான் கேட்டதும் எல்லாருக்கும் கறிபாப் மீது கவனம் திரும்பிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. முனையில் இல்லையென்றால் விண்ணப்பமே வேண்டாம், கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று கத்திவிட்டேன்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிலோமினா எழுந்தார். அவ்வளவு நேரமும் அவர் அங்கே இருப்பதைப் பலரும் கவனிக்கவில்லை. “சண்டை வேணாண்ணே. என் வாசல்லயே போட்டுருங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு எங்கயாச்சும் ஒண்ணு வரட்டும்.” அதற்குச் சிலர் கை தட்டினார்கள். தட்டியவர்களில் ஒருவர் போகும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: “பாத்தீங்களா, பேசினா எல்லாத்துக்கும் வழி இருக்கு.”

மேடு வந்தது

மன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே ஆட்கள் வந்து தார் போட்டு, மஞ்சள் கோடு அடித்து, மேட்டை அழகாக முடித்துக் கொடுத்தார்கள். கேட்ட இடத்தில் போட்டார்கள். இப்போது வண்டிகள் பிலோமினா வாசலில் பிரேக் அடித்து, ஏறி இறங்கி, அந்த எரிச்சலையும் சேர்த்து மிதித்துக்கொண்டு முனையைத் தாண்டிப் பறக்கின்றன.

போன வாரம் மதியம் வீட்டுக்குத் திரும்பும்போது முனையில் வண்டிகள் வரிசையாக நின்றன. எட்டிப் பார்த்தேன். நடுரோட்டில் பிலோமினா, ஒரு கையில் விரித்த குடை, மறு கையை வண்டிகளுக்கு நேரே நீட்டியிருந்தார். பள்ளி பஸ்ஸில் இறங்கிய பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற காடி குமாருடையது. அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை பார்க்கும் பிலோமினா, இந்த நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஷிப்டை மாற்றிக்கொண்டாராம். எனக்கு அதுவரை தெரியாது.

கடைசிப் பிள்ளையும் கடந்த பிறகு ஓரமாக வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. இது உனக்கு எதுக்கும்மா, மன்றத்தில் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவர் குடையை மடக்கிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார்: “கேளுங்கண்ணே. மேட்ட என் வாசல்ல போட்டாச்சுல்ல, அதான் நான் இங்க வந்து நிக்கிறேன்.”

ஒரு வீடு விடாமல் கையெழுத்துப் போட்டு, விபத்தே நடக்காத இடத்துக்கு மேடு வாங்கிய ஒற்றுமையான தாமான் எங்களுடையது.