பொட்டு வைத்த எஞ்சின்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்குச் சொந்தக் காலில் வரவில்லை. தோட்டத்து டிராக்டர் அதைக் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனது. எழுபதுகளின் கடைசி அது. ஊருக்குப் போய்விட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார், பல வருஷமாகத் தொழிற்சாலைக் கொட்டகையில் கிடந்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்த வைக்கோல் அப்படியே இருந்தது. என் கணவர் அதன் கூரையைத் தட்டிப் பார்த்து, "தகரம் இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மலைமேல் இருக்கும் ரிங்லெட் டவுனிலிருந்து உள்ளே இறங்கும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். அவர் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கிராணியின் கை பேனா பிடிக்கிற கை. சைக்கிள் சங்கிலி கழன்றால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஓடாத காரின் எஞ்சினைப் பிரித்து, தானே திரும்பப் பூட்டப் போகிறேன் என்றால் எந்த மனைவிக்குத்தான் தூக்கம் வரும்?

ஆனால் அவர் ஏன் அதை வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். முந்தைய வருஷம் எனக்கு வலி வந்த காலையில், தோட்டத்து லோரி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்து, என்னைப் பின்னால் சாக்குகளின்மேல் படுக்கவைத்து மலையிறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை லோரியிலேயே பிறந்தான். அழவில்லை. என் காதுக்குள் சாக்கு உரசும் சத்தம் மட்டும்தான் இருந்தது. அடுத்த பிரசவம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில்தான், வலி தொடங்கியவுடன் கிளம்பிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

என் கணவரும் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்தார், நாற்காலி எடுத்துப் போட்டார், மறுவாரம் வேலைக்குப் போய்விட்டார். அது எனக்குப் பெரிய கோபம். வயிற்றில் சுமந்தவளுக்குத்தான் நோவு, மற்றவர்களுக்கு அது ஒரு செய்தி என்று மனசுக்குள் வைதுகொண்டே இருந்தேன். பிறகுதான் கார் வந்தது. எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனதும் அதே சமயத்தில்தான்.

எஞ்சினை வெளியே எடுக்கத் தொழிற்சாலையிலிருந்து சங்கிலி வந்தது. தொழிற்சாலை மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் அண்ணன், வேலை முடிந்த சாயங்காலங்களில் வந்து கை கொடுத்தார். வாசல் கூரையின் விட்டத்தில் சங்கிலியைப் போட்டு இருவரும் இழுத்தபோது விட்டம் முனகியது. நான் கதவுக்குப் பின்னால் நின்று முருகனைக் கூப்பிட்டேன். வெளியே வைத்தால் பனியில் துரு ஏறும் என்று எஞ்சினைக் கூடத்துக்குள் கொண்டுவந்து பலகைமேல் உட்காரவைத்தார்கள். மாமியார் வந்து தங்கினால்கூட அவ்வளவு இடம் கேட்டிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு மண்ணெண்ணெய் நாற்றத்தில் வாழ்ந்தது. பிஸ்கட் டின்களில் நட்டுகள் ஊறின. பிஸ்டன்கள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பழைய செய்தித்தாளில் வரிசையாக நின்றன. வால்வுகளைத் தேய்த்து உட்காரவைக்க, ஒரு குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைகிற மாதிரி அவர் மணிக்கணக்காக உருட்டிக்கொண்டிருப்பார். எனக்குக் குமட்டும். வெளியே போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி அங்கேயே உட்காருவேன். கண்ணை எடுத்தால் அவர் எதையாவது மறந்துவிடுவார் என்று பயம்.

"இத்தனை சாமானையும் திரும்ப அதே இடத்துல வச்சிருவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வைக்கலன்னா மிச்சம் நிக்கும்ல. அப்பத் தெரிஞ்சிரும்லா."

"மலையில பாதி தூரம் போயில்ல தெரியும்?"

அவர் குச்சியை இன்னும் வேகமாக உருட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் தாப்பா சாலையை நினைத்தே அரண்டுபோயிருந்தேன். அந்தச் சாலையின் வளைவுகளை எண்ணப் பார்த்தவர்கள் எல்லாரும் பாதியில் வாந்தியெடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை, கீழே காடு. மூடுபனி இறங்கினால் எது எந்தப் பக்கம் என்று தெரியாது. கார் ஓடாவிட்டால் பழைய கதைதான். ஓடினால் அதில் நான் ஏற வேண்டும். இரண்டில் எதற்கு அதிகமாகப் பயந்தேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

எஞ்சினின் தலைப்பாகத்தை உடம்போடு சேர்த்துப் பூட்டுகிற நாள், ஆயுத பூஜையாக அமைந்துவிட்டது. இரண்டு இரும்புக்கும் நடுவில் ஒரு செம்புத் தகட்டை வைத்து, சுற்றிலும் நட்டுகளை முடுக்க வேண்டும். ஒரேயடியாக முடுக்கக் கூடாது. நடுவிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும். முதல் சுற்று இலேசாக, அடுத்தது கொஞ்சம் பலமாக, கடைசிச் சுற்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்போதுதான் உள்ளே தண்ணீர் கசியாது என்று அவர் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே முதல் சுற்றை முடித்தார். அந்த நேரம் பார்த்துப் பிட்டர் அண்ணன் குளித்து விபூதி பூசி வந்து வாசலில் நின்றார்.

"ஐயா, ஸ்பானரெல்லாம் குடுங்க. பூசைக்கு வைக்கணும்."

"கொஞ்சம் இருங்கண்ணே, இன்னும் ரெண்டு சுத்து பாக்கி."

"நேரம் தப்பிரும்யா. தோட்டத்துல ஒரு சாமான்கூட வெளிய இருக்கக் கூடாது. நாளைக்கு எடுத்துக்கலாம்லா."

எங்கள் தோட்டத்தில் அது சட்டம். அன்றைக்குத் தொழிற்சாலையின் பெரிய மெஷின்களே நின்றுவிடும். கவ்வாத்துக் கத்தியிலிருந்து தோட்டத்து மருந்தக டிரஸ்ஸரின் கத்தரிக்கோல்வரை எல்லாம் சாமி படத்துக்குமுன் படுத்திருக்கும், மறுநாள்வரை யாரும் தொட மாட்டார்கள். என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பானர்களைக் கொடுத்தார். போகும்போது பிட்டர் அண்ணன் திரும்பி, "எஞ்சினுக்கும் பொட்டு வச்சிருங்கய்யா. தொறந்து கெடந்தா எப்படி வைக்கிறது? மேல்மூடியப் போட்டு வைங்க" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மூடியைப் போட்டு, அதைப் பிடிக்கிற நட்டைக் கையாலேயே திருகினார். நான் சந்தனம் கரைத்துக் கொடுத்தேன். அந்த நட்டின்மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். சூடம் காட்டினோம். பயந்து பயந்து பார்த்த அந்த இரும்பை அன்றைக்குத்தான் கும்பிட்டேன்.

மறுநாள் ஸ்பானர்கள் திரும்பி வந்தன. அவர் அடுத்த வேலையைத் தொடங்கினார். பொட்டு வைத்த இடத்தைப் பார்த்தால் வேலை முடிந்த இடம் மாதிரியே இருந்தது. பூஜை ஆன இடத்தில் போய் யார் திரும்பக் கை வைப்பார்கள்?

தீபாவளிக்கு முன்னால் எஞ்சின் காருக்குள் ஏறியது. முதல் தடவை உறுமியபோது தொழிலாளர் லயத்து ஜனமெல்லாம் கூடிவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தோட்டத்துக்குள்ளேயே ஒரு சுற்று போய்வந்தார். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்று நினைத்தேன். ஆனால் தினமும் காலையில் அவர் கெட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் ரேடியேட்டரில் ஊற்றுவதைச் சன்னலிலிருந்து பார்த்தேன்.

"ஏங்க, காடி இவ்ளோ தண்ணி குடிக்குது?"

"பழைய காடின்னா குடிக்கத்தான் செய்யும்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாசம் நிறைந்து, வலி ஒரு பகல் நேரத்தில் வந்தது, மழைக்கு முந்தின இருட்டில். ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்தேன். பிட்டர் அண்ணனின் நீண்ட ஸ்பானர், பிரசவம் முடியும்வரை எங்களிடமே இருக்கட்டும் என்று அவர் விட்டுவைத்தது, பின்னால் கிடந்தது. தோட்டத்துப் பாதையில் மேலே ஏறி மெயின் ரோட்டைப் பிடிக்கும்வரை கார் முக்கியது. ரிங்லெட் தாண்டி இறக்கம் தொடங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் வலி ஒரு பக்கம் இழுத்தது, கார் ஒரு பக்கம் இழுத்தது. கண்ணைத் திறந்தபோது முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. பனி என்று நினைத்தேன். ஆவி.

சாலையோர அருவிக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினார். பானட்டைத் திறந்ததும் எஞ்சின் சோற்றுப்பானை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகி, கையைச் சுட்டுக்கொண்டார். கூப்பிடுதூரத்தில் அவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது.

"ஊத்துங்களேன்" என்றேன்.

"பச்சத்தண்ணிய இப்ப ஊத்துனா இரும்பு வெடிச்சிரும். ஆறணும்."

"எனக்கு ஆறாதுங்க" என்றேன்.

கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே போகும் ஒரு காய்கறி லோரி எங்களைப் பார்த்து நின்றது. ஓட்டிவந்த சீனர் இறங்கிவந்து என் வயிற்றைப் பார்த்தார். நொடியில் புரிந்துகொண்டு, லோரியின் கதவைத் திறந்துபிடித்து, "நைக் லா, நைக்" என்றார். ஏறு என்கிறார். என் கணவர் என் தோளைத் தொட்டார். அந்த லோரியிலிருந்து சாக்கு வாசம் வந்தது. நான் கார்க் கதவின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"லோரி வேணாம்."

"உள்ள முன்னால ஒக்காந்துக்கலாம், பின்னால இல்ல."

"வேணாம். லோரின்னா நான் வரல. இங்கயே கெடந்து செத்துப்போறேன்."

புத்தியுள்ள பேச்சா அது? இல்லை. புத்தி எனக்கும் சொன்னது, ஏறு என்று. கை விடவில்லை. அவர் என்னை இழுத்து ஏற்றியிருக்கலாம். இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு எஞ்சின் பக்கம் போய்க் குனிந்து, ஆவி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். அப்படியே நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"கடைசி ரெண்டு சுத்து நான் முடுக்கவே இல்ல" என்றார். "பூசைக்குக் குடுத்துட்டேன்."

பின்னாலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்துவந்தார். மூடியைக் கழற்ற வேண்டும். அதன் நட்டின்மேல் சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமம் சிவப்பாக அப்படியே இருந்தது. அவர் கை அங்கே போய் நின்றுவிட்டது. பிரசவ வலியில் இருக்கிற பெண்டாட்டியின் கண்ணெதிரே குங்குமத்தை அழிப்பதா? அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அது அபசகுனமாகத்தான் பட்டது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அடிவயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது.

"அழிங்க" என்றேன்.

கட்டைவிரலால் சுரண்டி எடுத்தார். மூடி வந்தது. நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு நட்டாக முடுக்கினார். சுட்ட உள்ளங்கையில் தோல் உரிந்து ஸ்பானரில் ஒட்டியது. லோரிக்காரர் ஒரு பெரிய டின்னில் அருவித் தண்ணீர் பிடித்துவந்து, சொல்லும்வரை ஊற்றாமல் காத்து நின்றார். மழை தொடங்கியது. சூடு தணிந்த பிறகு, குழந்தைக்குப் பாலூட்டுகிற மாதிரி துளித்துளியாக ஊற்றினார்கள். சாவியைத் திருகியபோது எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. தாப்பா வரைக்கும் அந்த லோரி எங்களை முந்தாமல் பின்னாலேயே வந்தது.

ஈப்போவில் பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். நான் தாதியிடம், அழுவது என் பிள்ளைதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டேனாம். அவர் கையில் கட்டுப் போட்டிருந்ததால் குழந்தையை முழங்கை மடிப்பில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு தடவை அதன் முகத்தைப் பார்த்தார். "காடியக் கீழ நிறுத்தியிருக்கேன், மூட்டைய எடுத்துட்டு வரேன்" என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கல்நெஞ்சக்காரர் என்று மறுபடியும் நினைத்தேன்.

அம்மா வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளையோடு அதே காரில்தான் மலையேறினேன். ஏறுவதற்கு முன், "எல்லாம் முடுக்கியாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு" என்றார். வளைவுக்கு வளைவு பிள்ளையை இறுக்கிக்கொண்டு வந்தேன். கார் நன்றாகத்தான் ஏறியது. அருவி கண்ணில் பட்டதும் திடீரென்று ஓரமாக நிறுத்தி, இறங்கிப்போய்ப் பானட்டைத் தூக்கினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எதிரே பானட் மறைத்தது, அவர் தெரியவில்லை. ஆவியைத் தேடினேன். இல்லை. சத்தம் ஏதும் வருகிறதா என்று கேட்டேன். தண்ணீர் விழுகிற சத்தம்தான். வெகுநேரம் ஆகியும் அவர் வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி முன்பக்கம் போனேன்.

இரண்டு கையையும் வண்டியின் விளிம்பில் ஊன்றி, எஞ்சினுக்குமேல் குனிந்து அவர் அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. வாயிலிருந்து ஒரு பேர் வந்தது. லோரியில் பிறந்த எங்கள் பையனுக்கு வைக்க என்று நாங்கள் இருவரும் முன்பே பேசி வைத்திருந்த பேர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பேர்.

என் காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தார்.

"ஒண்ணும் இல்ல. தண்ணி இருக்கான்னு பாத்தேன்" என்றார்.

ரேடியேட்டர் மூடியை அவர் திறந்திருக்கவே இல்லை. "இருக்குங்க" என்றேன்.